ஆறுமுகத்தார் வளவில் நிமிர்ந்த தேங்காய்

ஆறுமுகத்தாரின் வளவில், பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்க, என் உள்ளங்கையில் படுத்துக் கிடந்த தேங்காய் எழுந்து நின்றது.

சாய்ந்து நின்றது என்று சொல்ல முடியாது. குடுமி வானத்தைப் பார்க்க, நேராகவே நின்றது. "அரோகரா!" என்று யாரோ கத்தினார்கள். ஆறுமுகத்தார் ஓடிவந்து என் கால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு முளையை வைத்து அறைந்தார். கொஞ்சம் பிசகியிருந்தால் விரல் போயிருக்கும்.

எல்லோருடைய கண்ணும் தேங்காயில் இருந்தது. என்னுடைய கண் மட்டும் செம்பில் மோர் கொண்டு வந்த ஆறுமுகத்தாரின் மகள் தவமணியில் இருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் இல்லை என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. இருபத்துமூன்று வயதில் ஒருவனுக்கு என்னதான் விளங்கும்?

போன கிழமை நான் எழுதிய குரங்குக் கதையை நம்ப முடியவில்லை என்று வவுனியாவிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமைப் பக்கத்தைத் தயவுசெய்து வாசிக்காமல் விடுங்கள். முத்திரையாவது மிஞ்சும்.

கையில் வந்த வித்தை

முரசுமோட்டைக்கும் கண்டாவளைக்கும் இடையில், புதிதாகக் காடு வெட்டிக் கொடுத்த காணிகளில் நாங்கள் குடியேறியிருந்த காலம் அது. என்னைப் பெற்ற அய்யா பெயருக்குக் காணி கிடைத்தது. அய்யாவுக்கு யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டத்தை விட்டுவர மனம் இல்லை. அதனால் காணியோடு சேர்த்து நடராசா என்கிற என்னையும் வன்னிக்குக் கொடுத்துவிட்டார்.

வயலுக்குக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்தது. குடிக்கிற தண்ணீர்தான் பிரச்சினை. எங்கள் பக்கத்து நிலம் கடல்நீரேரியை நோக்கிச் சரிந்த நிலம். ஒருவன் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வரும். அவனுக்குப் பக்கத்து வளவுக்காரன் வெட்டினால் வாயில் வைக்க முடியாத உவர் வரும். நிலத்துக்கு மேலே நின்றுகொண்டு இதைச் சொல்ல யாராலும் முடியாது.

என்னால் முடிந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். வந்த முதல் வருடம், பிள்ளையாருக்கு உடைக்கவென்று ஒரு தேங்காயைக் கையில் ஏந்திக்கொண்டு போனேன். என் வளவின் மூலையில் அது தானாக எழுந்து நின்றது. பிள்ளையார் என் தேங்காயை வேண்டாம் என்கிறார் என்று நினைத்து, பயத்தில் அதைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தபோது இளநீர் போன்ற தண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகு அயலில் ஐந்து கிணறுகளுக்கு நான்தான் இடம் காட்டினேன். ஐந்தும் நல்ல தண்ணீர். நான் கூலி வாங்குவதில்லை, ஒரு நேரச் சாப்பாடு மட்டும்தான். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவனுக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஒரு வீட்டில் நண்டுக் கறி என்று கேள்விப்பட்டு, அவர்கள் கூப்பிட முன்னரே தேங்காயோடு போய் நின்றிருக்கிறேன்.

இந்த வித்தையை நம்பாத ஒரே மனிதர் சூசை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டு வருகிறவர். சிலுவை கும்பிடுகிற வேதக்காரர். "எங்கடை பக்கத்திலை தண்ணி தேட ஆரும் தேங்காய் கொண்டு திரியிறேல்லை. கதவைத் திறந்தால் கடல்" என்பார். ஆனாலும் நான் தேங்காயைக் கையில் எடுக்கிற நாளில், கருவாட்டு வியாபாரத்தை மறந்து முன்வரிசையில் நிற்பார்.

என் கிணற்றடிக்கு வந்த குடம்

ஆறுமுகத்தார் குடும்பம் எங்களுக்கெல்லாம் பிந்தி, அச்சுவேலியிலிருந்து வந்து எனக்கு அடுத்த காணியில் இருந்தது. அவர், அவருடைய மனைவி நாகம்மா, மகள் தவமணி. நாகம்மாவை நாங்கள் இளசுகள் எல்லோரும் மாமி என்றுதான் கூப்பிடுவோம். ஆறுமுகத்தாரை மாமா என்று கூப்பிட யாருக்கும் துணிவு வரவில்லை. அவர் எல்லோருக்கும் ஐயா.

வந்தவுடன் ஐயா யாரையும் கேட்காமல் தன் மதிப்பில் ஒரு கிணறு வெட்டினார். உவர் என்றால் அப்படி ஓர் உவர். சூசை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்குள்ளை மீனைப் போட்டால் நாளைக்குக் கருவாடு" என்று சொன்னார்.

அதனால் தவமணி காலையும் மாலையும் என் கிணற்றடிக்குக் குடத்தோடு வந்தாள்.

இரண்டு மாதம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாழைக்குப் பாத்தி கட்டுவது போல அங்கேயே நிற்பேன். அந்த வாழைகளுக்கு அவ்வளவு பாத்தி தேவையே இல்லை. பிறகு ஒருநாள் அவள் என்னைப் பார்க்காமல், "உங்கடை கயிறு தேஞ்சு போச்சு" என்றாள்.

அன்றைக்கே கிளிநொச்சிக்குப் போய்ப் புதுக்கயிறு வாங்கி வந்தேன். அடுத்த கிழமை, "வாளி ஓட்டை" என்றாள். வாளியை மாற்றினேன். இப்படியே போனால் சொல்வதற்குக் குறை ஒன்றும் மிஞ்சாதே என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. அதனால் கப்பிக்கு மட்டும் எண்ணெய் விடவில்லை. "கப்பி கத்துது" என்று அவள் தினமும் சொன்னாள். "ஓம், கத்துது" என்று நானும் தினமும் சொன்னேன். எங்கள் காதல் இவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மாமிக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு வேறு வேதனை. அச்சுவேலியில் சொந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர். தன் மகள் இன்னொருவனின் கிணற்றடியில் குடத்தோடு நிற்பது அவருக்குத் தாங்கவில்லை. ஆவணி மாதம், சோளகக் காற்று புழுதியை வாரி அடித்த ஒருநாள், வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்படியாகவே கத்தினார்.

"இஞ்சருங்கோ! மழை துவங்க முன்னம் எனக்கெண்டொரு நல்ல தண்ணிக் கிணறு வேணும். இல்லாட்டி நானும் பிள்ளையும் அச்சுவேலிக்குப் போறம். நீங்கள் இருந்து உந்த உவரைக் குடியுங்கோ!"

அச்சுவேலியில் மாமியின் தமையனுக்கு ஒரு மகன். தபாற்கந்தோரில் வேலை. தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாருகிறவன் என்று தவமணியே ஒருமுறை கப்பிக் கதைக்கு நடுவில் சொல்லியிருந்தாள். அவள் அங்கே போனால் கதை முடிந்தது.

சரி, ஐயாவுக்கு ஒரு நல்ல கிணறு காட்டிவிடலாம் என்று பார்த்தால், அதற்குப் பிறகு அவள் என் கிணற்றடிக்கு எதற்கு வரப் போகிறாள்? இரண்டு இரவு யோசித்தேன். வேலிக்கு அடுத்த பக்கம் அச்சுவேலியை விடக் கிட்ட என்ற முடிவுக்கு வந்து, தேங்காயை எடுத்தேன்.

மூன்று முளைகள்

ஒரு மணித்தியாலமாக ஐயாவின் வளவை அளந்தேன். தேங்காய் அசையவில்லை. அப்போதுதான் தவமணி மோர்ச் செம்போடு வந்தாள், தேங்காய் எழுந்தது, முளை அடிபட்டது.

"இன்னும் ஒருக்கால் பாப்பம் தம்பி" என்றார் ஐயா. நான் நடந்தேன். தவமணி மாட்டுக்கொட்டில் பக்கம் போனாள். அங்கேயும் தேங்காய் நின்றது. இரண்டாவது முளை. அவள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். அங்கேயும் நின்றது. மூன்றாவது முளை.

ஐயாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. "என்ரை காணிக்கு அடியிலை ஆறெல்லோ ஓடுது!" என்றார்.

"கடலே ஓடுது போலை. வலையைக் கொண்டு வரட்டோ?" என்றார் சூசை.

மாமி கூப்பிட, தவமணி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள். தேங்காய் பொத்தென்று விழுந்து படுத்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் குசினி வாசலில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல ஒரு காலை வெளியே வைத்தாள். தேங்காய் பாதி எழும்பியது. காலை உள்ளே எடுத்தாள். தேங்காய் படுத்தது. மறுபடியும் வைத்தாள், எழும்பியது. எடுத்தாள், படுத்தது. தாவணித் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

முன்பு பார்த்த ஐந்து கிணறுகளும் அவள் வன்னிக்கு வருவதற்கு முன் பார்த்தவை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்களுக்கு நடுவில், இரும்பு அலவாங்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு தகப்பனிடம், "ஐயா, இது தண்ணிக்கு எழும்பேல்லை, உங்கடை மகளுக்கு எழும்பினது" என்று எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. பருப்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியுமாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று ஆள் ஆழம்

முதல் முளை அடித்த இடத்தில் தோண்டத் தொடங்கினார்கள். குடியேற்றத்தில் கிணறு வெட்டு என்றால் அயலவர் முறை வைத்து வருவார்கள். நான் முறை பார்க்காமல் தினமும் போனேன். "தம்பி தங்கமான பிள்ளை. அடுத்தவன் கிணத்துக்கு உப்பிடி ஆர் பாடுபடுவினம்?" என்று ஐயா ஊர் முழுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் இன்னும் வேகமாகத் தோண்டினேன்.

ஓர் ஆள் ஆழம், இரண்டு ஆள் ஆழம், மூன்று ஆள் ஆழம். ஈரம் என்ற பேச்சே இல்லை. கீழே போகப் போக மண் இன்னும் காய்ந்தது. என்னுடைய வியர்வையைத் தவிர அந்தக் குழியில் ஒரு சொட்டு நீர் இருந்ததில்லை.

தவமணி மத்தியானத்தில் ஓலைக் கடகத்தில் தேத்தண்ணீரும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் வைத்துக் கயிற்றில் இறக்குவாள். ஒருநாள் மேலே வேறு யாரும் இல்லை.

"ஈரம் கண்டுதோ?"

"இல்லை."

"வராதெண்டு தெரிஞ்சும் ஏன் தோண்டுறியள்?"

"முளை அடிச்சாச்சே."

"என்ரை அப்புவுக்கு உண்மையைச் சொல்லுங்கோவன்."

"என்னெண்டு சொல்லுறது?"

"வாயாலைதான்" என்றாள். பிறகு வந்த குரல் வேறு குரல். "அம்மா மூட்டை கட்டிப்போட்டா. வெள்ளிக்கிழமை வண்டில் வருதாம். எனக்குப் போக விருப்பமில்லை. உங்களுக்கு நான் போறது விருப்பமெண்டால் உதுக்குள்ளையே பேசாமல் நில்லுங்கோ."

அன்று புதன்கிழமை.

ஏணி

வியாழக்கிழமை காலை சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். எங்கே நின்று சொல்வது என்று யோசித்தபோது, கிணற்றுக்குள் நிற்பதுதான் நல்லதாகப் பட்டது. மூன்று ஆள் ஆழத்தில் இருக்கிற ஒருவனை யாரும் உடனே அடிக்க முடியாது. ஏணியில் இறங்கி, அடியில் நின்றுகொண்டு, மேலே மண் இழுக்க நின்ற ஐயாவைக் கூப்பிட்டேன்.

"ஐயா, இஞ்சை தண்ணி இல்லை."

"வரும் தம்பி, வரும். தேங்காய் எழும்பினது எல்லோ?"

"அது தண்ணிக்கு எழும்பேல்லை ஐயா."

"பின்னை என்னத்துக்கு எழும்பினது?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "தவமணி வந்து நிண்டவா. அதாலை எழும்பினது. அவா எங்கை நிண்டாலும் எழும்பும். எனக்கு அவாவிலை விருப்பம்."

கிணற்றுக்குள் மெல்லச் சொல்வது வெளியே பெரிதாகக் கேட்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அடுத்த வளவுகளில் நின்றவர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சூசை சைக்கிளோடு வந்தார்.

ஏணி மெல்ல மெல்ல மேலே போனது. நான் எட்டிப் பிடிக்கப் பார்த்தேன், அகப்படவில்லை.

"நீ உங்கையே கிடவடா!" என்றார் ஐயா.

"ஆறுமுகத்தார், உப்புப் போடட்டோ?" என்றது சூசையின் குரல்.

சத்தம் கேட்டு மாமி வந்தார். நடந்ததைக் கேட்டார். கத்தப் போகிறார் என்று நான் காதைப் பொத்தினேன். அவர் கத்தவில்லை.

"உவன் சொல்லுறது மெய்யோ பொய்யோ எண்டு முதலிலை பாக்க வேணும். அந்தத் தேங்காயைக் கொண்டு வாங்கோ."

தேங்காய் வந்தது. மாமி கையில் வைத்து நடந்து பார்த்தார். அது படுத்தே கிடந்தது. ஐயா வைத்துப் பார்த்தார். படுத்தே கிடந்தது. சூசை சிலுவை போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். அவருக்கும் அசையவில்லை. "சும்மா தேங்காய்தான். சம்பலுக்கு ஆகும்" என்றார்.

"தாங்கோ அம்மா, நான் பாக்கிறன்" என்ற தவமணியின் குரல் கேட்டது.

அடியில் நின்ற எனக்கு ஒரு சுளகு அளவு வானம்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் பிறகு தவமணி சொன்னது. தேங்காயை உள்ளங்கையில் கிடத்திக்கொண்டு அவள் வைக்கோல் போரடியிலிருந்து நடந்தாள். மூன்றாவது முளையில் ஒன்றும் இல்லை. மாட்டுக்கொட்டில் முளையில் ஒன்றும் இல்லை. கூட்டம் அவளுக்குப் பின்னால் நடந்தது. அவள் கிணற்று விளிம்புக்கு வந்தாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். விளிம்பில் அவள் முகம் தெரிந்தது. நீட்டிய கையில், என் தலைக்கு நேர் மேலே, தேங்காய் எழுந்து நின்றது. அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. என் மூக்குக்குள் மண், வாய்க்குள் மண். நான் அந்த நிமிடத்தில் இருந்ததைப் போலச் சந்தோசமாக அதற்கு முன் ஒருநாளும் இருந்ததில்லை.

"தண்ணி! தண்ணி நிக்குது!" என்று ஐயா துள்ளினார்.

"தண்ணியோ? கண்ணைத் திறந்து பாருங்கோ. உதுக்குள்ளை நடராசாவெல்லோ நிக்கிறான்!" என்றார் மாமி.

மாப்பிள்ளை பார்த்தது

உலகத்தில் கிணற்றுக்குள் நிற்க வைத்துப் பார்த்த மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாமி விளிம்பில் குந்தியிருந்து கேட்கத் தொடங்கினார். அதுவரை "உவன்" என்றவர் இப்போது "நீர்" என்ற மரியாதைக்கு மாறியிருந்தார்.

"தம்பி, உம்மடை கிணறு கோடையிலை வத்துறதோ?"

"இல்லை மாமி."

"பங்குனியிலையும் நல்ல தண்ணிதானோ? பொய் சொல்லக் கூடாது."

"நல்ல தண்ணி மாமி."

"கிணத்தடிக்கு வாற பாதை ஆற்றை காணிக்குள்ளாலை?"

"என்ரை காணிக்குள்ளாலைதான். வேலியிலை ஒரு கடப்பு வைச்சால் உங்கடை குசினியிலை இருந்து இருபது அடி."

என் படிப்பைக் கேட்கவில்லை. சாதகம் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குள், பெண்ணுக்குச் சீதனம் எழுதும்போது காணி உறுதிப் பத்திரத்தில் "கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும்" என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். அந்த ஒரு வரிக்காகக் குழம்பிப் போன கலியாணங்கள் எத்தனையோ. மாமி அதைத் தலைகீழாக்கினார். மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றில் பெண்ணின் தாய்க்குப் பங்கு.

"மருமோன்ரை கிணறெண்டால் ஆற்றையோ கிணறில்லை" என்று மாமி சபைக்கு அறிவித்தார். "நாளைக்கு வண்டில் வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

ஐயா என்னை எட்டிப் பார்த்தார். ஏணி கீழே இறங்கியது, ஆனால் பாதியில் நின்றது. "அவள் ஒரு நாள் அழுதால் உன்னைத் திரும்ப உதுக்குள்ளை விட்டிடுவன்" என்றார். "ஓம் ஐயா" என்றேன். மீதி ஏணியும் இறங்கியது.

யாழ்ப்பாணத்தில் இருந்த என் அய்யாவுக்கும் அம்மாவுக்கும் கடிதம் போனது. கலியாணம் என்றவுடன் நாங்கள் எந்த வழியிலோ சொந்தம் என்பதும் கண்டுபிடிக்கப்பட்டது. தையில் தாலி கட்டினேன்.

வித்தை அதோடு போயிற்று. ஒருமுறை தர்மபுரத்திலிருந்து ஒருவர் வந்து, வலிய இழுத்துக்கொண்டு போய் நிலம் பார்க்க விட்டார். அவருடைய காணி முழுவதும் நடந்தேன். தேங்காய் எழும்பவில்லை. குடுமியை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தது. தவமணியை ஒரு மாதம் தாய் வீட்டில் விட்டுவிட்டுப் பாரும் என்று சூசை யோசனை சொன்னார். தாய் வீடு இருபது அடி தூரம். அது இருநூறு மைல் என்றாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

கலியாணத்துக்கு அடுத்த நாள் விடியற்காலை, மாமி புதுக் கடப்பால் தானே குடத்தோடு வந்தார். அதுவரை ஒருநாளும் என் கிணற்றடியை மிதித்ததில்லை. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. வாளியை விட்டு அள்ளி, ஒரு கை ஏந்தி வாயில் வைத்தார். நானும் தவமணியும் மூச்சு விடாமல் நின்றோம்.

மாமி வாயைச் சப்பிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் உவர்க்குது" என்றார்.

நான் வாயைத் திறக்க, தவமணி என் காலை மிதித்தாள். மாமி குடத்தைக் கழுத்து வரை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரிய வீட்டுக்காரி நடையில் கடப்பைத் தாண்டிப் போனார். அதன் பிறகு அச்சுவேலிக்குப் போகிற கதையை அவர் எடுத்ததே இல்லை. உவர்க்கிற தண்ணீரை மட்டும், நான் பார்க்க, நாள் தவறாமல் இரண்டு குடம் கொண்டு போனார்.